நீங்கள் கீக் தானா? அறிகுறி வாரியாகப் பார்த்துச் சரிசெய்ய

தேதியை 2024-03-09 என்று எழுதுகிறீர்கள். புதிய கருவியைப் பிரித்ததும் முதலில் செட்டிங்ஸ் பக்கத்தைக் கடைசி வரி வரை பார்க்கிறீர்கள். பத்து நிமிட வேலையைத் தானாக நடக்க வைப்பதற்கு ஒரு விடுமுறை நாளையே கொடுத்துவிடுகிறீர்கள். வீட்டில் எது நின்றாலும் உங்களைத்தான் கூப்பிடுகிறார்கள். இதில் மூன்று பொருந்தினால் நீங்கள் கீக், அதாவது கருவிகளைக் குடைந்து பார்க்காமல் இருக்க முடியாதவர் தான், சந்தேகமே வேண்டாம். அதைத் திருத்திக்கொள்ளவும் வேண்டாம். ஒரு பொருள் எப்படி ஓடுகிறது என்று தெரியாமல் விட மனம் வராதது நல்ல குணம்.

ஆனால் இதே குணம் சில இடங்களில் பழுதாகவும் மாறும். அந்த இடங்களைக் கண்டுபிடிக்க ஒரே சோதனை போதும்: நீங்கள் இரண்டு நாள் ஊரில் இல்லாவிட்டாலும் இது ஓடுமா? ஓடாது என்று பதில் வந்தால் அங்கே வேலை இருக்கிறது. கீழே உள்ளவை அறிகுறிப்படி பிரிக்கப்பட்டவை. உங்களுக்குப் பொருந்துவதிலிருந்து தொடங்கலாம்.

அறிகுறி: கேபிள் பெட்டி நிரம்பி வழிகிறது, வேண்டிய கேபிள் மட்டும் கிடைப்பதில்லை

யூஎஸ்பி-சி வந்த பிறகு இந்தத் தொல்லை கூடியிருக்கிறது. முனை பார்க்க ஒன்றுபோல இருக்கும், உள்ளே ஓடும் கம்பிகள் வேறு வேறு. பெட்டியைக் கவிழ்த்து, ஒவ்வொரு கேபிளையும் மூன்று சோதனைக்கு உட்படுத்துங்கள்.

முதலில், தரவு போகிறதா? போனைக் கணினியில் செருகுங்கள். சார்ஜ் ஏறுகிறது, ஆனால் கணினியில் போன் தெரியவில்லை என்றால் உடனே கேபிளைக் குறை சொல்ல வேண்டாம். ஆண்ட்ராய்டு போன்கள் பல, செருகியதும் சார்ஜ் மட்டும் ஏற்றும் நிலையில்தான் இருக்கும். அறிவிப்புத் திரையை இழுத்து, கோப்புப் பரிமாற்றத்துக்கு மாற்றிப் பாருங்கள். அப்போதும் தெரியவில்லை, வேறு கேபிளில் தெரிகிறது என்றால், இந்தக் கேபிளில் தரவுக் கம்பிகளே இல்லை அல்லது அறுந்திருக்கின்றன.

அடுத்து, எவ்வளவு வேகம்? வெளிப்புற எஸ்எஸ்டியிலிருந்து (வேகமான சேமிப்பு வட்டு) 4 ஜிபி கோப்பு ஒன்றை நகலெடுங்கள். இரண்டு நிமிடத்தை ஒட்டி எடுத்தால் அது யூஎஸ்பி 2.0 கேபிள். அதன் உச்ச வேகம் நொடிக்கு 480 மெகாபிட், கையில் கிடைப்பது நொடிக்கு 35 மெகாபைட் அளவுதான். சில நொடிகளில் முடிந்தால் வேகக் கேபிள். லேப்டாப்போடு வரும் சார்ஜர் கேபிள்களில் பல 2.0 வகை. மானிட்டரில் செருகினால் படம் வராததற்குக் காரணமும் அதுவே: படத்தைக் கடத்தும் அதிவேகக் கம்பி ஜோடிகள் அதில் கிடையாது.

மூன்றாவது, எவ்வளவு மின்சாரம்? இரு முனையும் சி வகையாக உள்ள கேபிள் 3 ஆம்பியர் தாங்க வேண்டும் என்பது விதி. 20 வோல்ட்டில் அது 60 வாட். அதற்கு மேல் 5 ஆம்பியர் போக வேண்டுமானால் கேபிளின் முனைக்குள் அடையாளச் சிப் இருந்தாக வேண்டும். சிப் இல்லாத கேபிளில் 100 வாட் சார்ஜரைப் போட்டாலும் 60-ஐத் தாண்டாது. லேப்டாப் மெதுவாக சார்ஜ் ஆகிறது என்ற புகாரில் சார்ஜரை மாற்றும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

இன்னொரு விசித்திரமான அறிகுறி உண்டு. சிறிய கருவி ஒன்று, டார்ச்சோ ஹெட்போனோ, ஒருபுறம் பழைய செவ்வக முனை (யூஎஸ்பி-ஏ) உள்ள ஏ முனைக் கேபிளில் சார்ஜ் ஆகும். இருபுறமும் சி உள்ள கேபிளில் அசையாது. கேபிளும் சார்ஜரும் நல்ல நிலையில்தான் இருக்கின்றன. கருவிக்குள் இருக்க வேண்டிய இரண்டு 5.1 கிலோ ஓம் மின்தடைகளைத் தயாரிப்பாளர் வைக்காமல் விட்டிருக்கிறார். எதிரே கருவி இருப்பதை அந்த மின்தடைகளைப் பார்த்துத்தான் சி வகை சார்ஜர் தெரிந்துகொள்கிறது. அவை இல்லையென்றால் மின்சாரத்தைத் திறக்காது. அந்தக் கருவிக்கென்று ஏ முனைக் கேபிள் ஒன்றை ஒதுக்கி, அதோடு சேர்த்தே கட்டி வைத்துவிடுங்கள்.

சோதித்த ஒவ்வொன்றிலும் முனையருகே காகித டேப் ஒட்டி எழுதுங்கள்: "100 வாட், மெதுவான தரவு", "60 வாட், வேகம், படம் வரும்". எழுத்து உங்களுக்கு மட்டும் புரிந்தால் போதாது. வகைக்கு இரண்டு போதும். மூன்றாவதை வைத்துக்கொள்ளக் காரணம் சொல்ல முடியாவிட்டால் மின்கழிவுக்குக் கொடுத்துவிடலாம்.

அறிகுறி: வீட்டில் நெட் நிற்கிறது, காரணம் உங்களுக்கு மட்டும் தெரியும்

விளம்பரத் தடுப்புக்காக ராஸ்பெர்ரி பை என்ற சின்னஞ்சிறு கணினியில் (சுருக்கமாக 'பை') டிஎன்எஸ் சர்வர் வைத்திருப்பீர்கள். தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவது டிஎன்எஸ். வீட்டின் எல்லாக் கருவியும் முகவரி கேட்பது அதனிடம்தான். அது படுத்தால், நெட் இருந்தும் யாருக்கும் ஒரு பக்கமும் திறக்காது. மற்ற அறிகுறிகள் எல்லாம் உங்களுக்கு மட்டும் இடைஞ்சல். இது வீட்டில் உள்ள எல்லோருக்கும் இடைஞ்சல். அதனால் இதைத்தான் முதலில் சரிசெய்யச் சொல்வோம்.

எங்கே அறுந்திருக்கிறது என்று இந்த வரிசையில் பாருங்கள். ரவுட்டரின் பக்கம் திறக்கிறதா? திறக்காவிட்டால் வைஃபை, கேபிள், மின்சாரம் ஆகியவற்றைப் பாருங்கள். திறந்தால் அடுத்தபடி, 1.1.1.1 என்ற பொதுச் சர்வரின் எண்ணுக்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைக் கட்டளை) அனுப்புங்கள். பதில் வராவிட்டால் இணைப்பு தருபவர் பக்கம் கோளாறு. பதில் வந்தால் நெட் உயிரோடு இருக்கிறது. கடைசியாக ஏதாவது ஒரு தளத்தின் பெயருக்கு பிங் அனுப்புங்கள். எண்ணுக்குப் பதில் வருகிறது, பெயருக்கு வரவில்லை என்றால் டிஎன்எஸ் தான்.

டிஎன்எஸ் நிற்க வழக்கமான காரணங்கள் மூன்று.

ஐபி முகவரி மாறியிருக்கும். மின்சாரம் போய் வந்து ரவுட்டர் மறுபடி எழும்போது பைக்குப் புது முகவரி கொடுத்திருக்கலாம். மற்ற கருவிகள் பழைய முகவரியையே கேட்டுக்கொண்டிருக்கும். ரவுட்டரில் கருவிகளுக்கு ஐபி ஒதுக்கும் டிஎச்சிபி பகுதியில், பையின் மேக் (MAC) முகவரிக்கு, அதாவது அதன் வன்பொருள் அடையாள எண்ணுக்கு, நிலையான ஐபியை ஒதுக்கினால் இது தீரும்.

மின்சாரம் போதாமல் இருக்கும். பை 4-க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் கொடுக்கும் அடாப்டர் வேண்டும். கையில் கிடைத்த போன் சார்ஜரும் மெல்லிய கேபிளும் சேர்ந்தால் சுமை ஏறும்போது வோல்ட் இறங்கிவிடும். 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் பை எச்சரிக்கும். திரை இணைத்திருந்தால் மூலையில் மின்னல் குறி தெரியும். திரையில்லாமல் அலமாரியில் கிடக்கும் பையில் இதை யார் பார்ப்பது? வாரம் ஒருமுறை கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) எழுதும் பதிவில் குறைமின்னழுத்த வரிகள் இருக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள்.

எஸ்டி கார்டு போயிருக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுந்தால் கோப்பு முறைமை சிதையும். ஓடும் நிலையில் உள்ள கார்டை அப்படியே இமேஜாக (முழு நகலாக) எடுத்து, இன்னொரு கார்டில் எழுதி, அதைப் பைக்குப் பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள். அந்த மாற்றுக் கார்டைப் போட்டு ஒருமுறை ஓட்டிப் பார்க்காதவரை அதை நம்ப வேண்டாம்.

இங்கே பலரும் விழும் குழி ஒன்று இருக்கிறது. பை படுத்தால் உதவட்டும் என்று ரவுட்டரில் இரண்டாவது டிஎன்எஸ்ஸாகப் பொதுச் சர்வர் ஒன்றைக் கொடுப்பார்கள். பல இயங்குதளங்கள் இரண்டாவதை, முதலாவது செத்தால் மட்டும் கேட்பதில்லை, நினைத்தபோது கேட்கும். விளைவு, விளம்பரம் சில நேரம் வரும், சில நேரம் வராது. நீங்கள் தடுப்புப் பட்டியலில் பிழை தேடிக்கொண்டிருப்பீர்கள். மாற்று வேண்டுமென்றால் இரண்டாவதும் தடுப்புச் சர்வராகவே இருக்கட்டும். முடியாதென்றால் இரண்டாவது இடத்தை வெறுமையாக விட்டு, கீழே சொல்லும் காகிதத்தை வையுங்கள்.

ரவுட்டர் மேல் ஒட்டும் காகிதம் அது. நான்கு வரி போதும்: ரவுட்டர் பக்கத்தின் முகவரி, கடவுச்சொல் இருக்கும் இடம், டிஎன்எஸ்ஸைத் தானியங்கிக்கு மாற்ற எந்த மெனுவில் எதை அழுத்த வேண்டும், மாற்றிய பின் ரவுட்டரை எத்தனை நொடி அணைத்து வைக்க வேண்டும். எழுதியதும் வீட்டிலுள்ள ஒருவரிடம் கொடுத்து, நீங்கள் வாய் திறக்காமல் பக்கத்தில் நின்று பாருங்கள். அவர் தயங்கும் வரிதான் நீங்கள் திருத்த வேண்டிய வரி.

ஸ்மார்ட் பல்பிலும் இதே கதைதான். சுவர் ஸ்விட்சை யாராவது அணைத்தால் பல்பு ஆஃப்லைன் ஆகும், நீங்கள் போட்ட அட்டவணை ஓடாது. ஸ்விட்சின் மேல் "தொடாதே" என்று எழுதி ஒட்டுவது சரியான தீர்வாகாது. விளக்கைப் போட ஸ்விட்சைத் தட்டுவதுதான் மனித இயல்பு. சாதாரணப் பல்பைப் போட்டு, ஸ்விட்சுக்குப் பின்னால் ஸ்மார்ட் ரிலேயை (நெட் வழியாகவும் இயங்கும் சிறிய ஸ்விட்ச்) எலக்ட்ரீஷியனைக் கொண்டு பொருத்துங்கள். ஸ்விட்சும் வேலை செய்யும், அட்டவணையும் ஓடும். பல ரிலேக்களுக்கு நியூட்ரல் கம்பி தேவை. வாங்கும் முன் ஸ்விட்சுப் பெட்டியில் அது இருக்கிறதா என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள்.

அறிகுறி: வயர்லெஸ் மவுஸ் துள்ளுகிறது, ஆனால் சில நேரம் மட்டும்

பேட்டரியை மாற்றியாயிற்று, டிரைவரையும் மாற்றியாயிற்று என்றால், வெளிப்புற வட்டு செருகியிருக்கும்போது மட்டும் துள்ளுகிறதா என்று கவனியுங்கள். யூஎஸ்பி 3.0 இணைப்பு 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இரைச்சலைக் கிளப்பும். இன்டெல் 2012-இலேயே இதை அளந்து அறிக்கை வெளியிட்டது. மவுஸின் ரிசீவரும் அதே பட்டையில்தான் பேசுகிறது. ரிசீவரைச் சிறிய நீட்டிப்புக் கேபிளில் போட்டு, வட்டிலிருந்து ஓரிரு அடி தள்ளி வைத்தால் சரியாகிவிடும்.

அறிகுறி: ஸ்கிரிப்ட் கையால் ஓட்டினால் ஓடுகிறது, தானாக ஓட மறுக்கிறது

இதற்கு முன் ஒரு கணக்கு. வாரம் ஒருமுறை 10 நிமிடம் எடுக்கும் வேலை, ஆண்டுக்கு 520 நிமிடம், அதாவது 8 மணி 40 நிமிடம். அதைத் தானாகச் செய்யும் ஸ்கிரிப்ட் (கட்டளைத் தொகுப்பு) எழுத 4 மணி நேரம், அது உடையும்போது பார்க்க இன்னொரு மணி என்று வைத்தாலும் லாபம். மாதம் ஒருமுறை 5 நிமிட வேலையென்றால் ஆண்டுக்கு ஒரே ஒரு மணி நேரம். அதற்கு இரண்டு நாள் செலவழித்தால் நேரம் மிஞ்சாது. கையால் செய்யும்போது தவறு நேர்ந்து பெரிய சேதம் வரும் வேலை என்றால் மட்டும் இந்தக் கணக்கை மீறலாம்.

இப்போது பழுது. குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் கிரானில் (cron) போட்ட ஸ்கிரிப்ட் ஓடாவிட்டால் பெரும்பாலும் காரணம் பாதைதான், அதாவது நிரல் இருக்கும் கோப்புறையின் முகவரி. நீங்கள் கட்டளை தட்டும் டெர்மினல் நிரல்களைத் தேடும் இடங்கள் பல. கிரான் தேடுவது வழக்கமாக இரண்டே இரண்டு அடிப்படைக் கோப்புறைகளில். ஸ்கிரிப்டுக்குள் எல்லா நிரலுக்கும் கோப்புக்கும் முழுப் பாதையை எழுதுங்கள். ஓடும் இடமும் ஸ்கிரிப்ட் இருக்கும் கோப்புறை இல்லை, பயனரின் ஹோம் கோப்புறை என்பதை மறக்க வேண்டாம்.

பாதை சரியாக இருந்தும் பேக்கப் ஓடவில்லையா? கிரான் வரியில் சதவீதக் குறி (%) இருக்கிறதா பாருங்கள். கோப்புப் பெயரில் தேதி சேர்க்க அந்தக் குறியைப் போடுவோம். கிரானோ அதைப் புதுவரி என்று எடுத்துக்கொண்டு கட்டளையை அந்த இடத்திலேயே வெட்டிவிடும். ஒவ்வொரு சதவீதக் குறிக்கும் முன்னால் பின்சாய்வுக் கோடு (\) போடுங்கள், அல்லது தேதி வேலையை ஸ்கிரிப்டுக்குள்ளேயே வைத்துவிடுங்கள். இரண்டாவதுதான் நல்லது.

வெளியீட்டையும் பிழைச் செய்தியையும் பதிவுக் கோப்பு ஒன்றுக்குத் திருப்பிவிடுங்கள். சத்தமில்லாமல் தோற்கும் பேக்கப், பேக்கப் இல்லாததைவிட மோசம். இருக்கிறது என்ற நம்பிக்கையில் மூலத்தை அழித்துவிடுவோம். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு கோப்பைப் பேக்கப்பிலிருந்து மீட்டுத் திறந்து பாருங்கள். மேகக்கணியோடு ஒத்திசைவதைப் பேக்கப் என்று கணக்கில் சேர்க்க வேண்டாம்: இங்கே அழித்தால் அங்கேயும் அழியும்.

அறிகுறி: கோப்புகள் வரிசையில் நிற்பதில்லை

ஆண்டு, மாதம், நாள் என்ற முறைதான் மருந்து. 1988-இல் வந்த ஐஎஸ்ஓ 8601 தரம் சொல்வதும் அதையே. பெயர்வரிசையும் காலவரிசையும் ஒன்றாகிவிடும். 1, 10, 2 என்று குழம்பினால் 01, 02, 10 என்று எழுதுங்கள். இதைச் சார்ந்த இன்னொரு புகார்: புது ஒரு டெராபைட் வட்டு 931 ஜிபி என்று காட்டுகிறது. வட்டு முழுசாகத்தான் இருக்கிறது. தயாரிப்பாளர் ஒரு டெராபைட்டைப் பத்தின் 12-ஆம் அடுக்காக எண்ணுகிறார். விண்டோஸ் 1024-ஆல் மூன்று முறை வகுத்துக் காட்டுகிறது. ஆப்பிளின் மேக் கணினி 2009 முதல் பத்தின் அடுக்கிலேயே எண்ணுவதால் அங்கே ஒரு டெராபைட் என்றே தெரியும்.

அறிகுறி: மெக்கானிக்கல் கீபோர்டில் ஒரு எழுத்து இரண்டாக விழுகிறது

ஒவ்வொரு விசைக்கும் கீழே உள்ள ஸ்விட்சுக்குள் உலோகத் தகடுகள் தொடும்போது சில மில்லிநொடி அதிரும். அந்த அதிர்வை ஒரே அழுத்தமாக எண்ண ஃபர்ம்வேர் (கீபோர்டுக்குள் ஓடும் மென்பொருள்) சற்றுக் காத்திருக்கும். கியூஎம்கே என்ற ஃபர்ம்வேரில் அது இயல்பாக 5 மில்லிநொடி. தூசி படிந்தாலோ தகடு தேய்ந்தாலோ அதிர்வு அதைத் தாண்டும். கீபோர்டைக் கணினியிலிருந்து கழற்றி, ஸ்விட்சுக்குள் 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஓரிரு துளி விட்டு, முப்பது நாற்பது முறை அழுத்தி, நன்றாக உலர விடுங்கள். திரும்பவும் வந்தால் காத்திருக்கும் நேரத்தை 8 அல்லது 10-ஆகக் கூட்டலாம், ஆனால் ஸ்விட்சை மாற்றுவதே முழுத் தீர்வு.

மாற்றிய பிறகு அந்த விசை அடியோடு வேலை செய்யவில்லையா? ஸ்விட்சைச் சாலிடர் இல்லாமல் செருகும் வகைகளில் காரணம் அநேகமாக வளைந்த பின். ஸ்விட்சை நேராக மேலே இழுத்து எடுத்து, கீழே உள்ள இரண்டு செம்புப் பின்களையும் பாருங்கள். ஒன்று மடங்கிப் படுத்திருக்கும். இடுக்கியால் நிமிர்த்தி, செங்குத்தாக வைத்து, பலகையின் பின்பக்கம் உள்ள சாக்கெட்டை விரலால் தாங்கிக்கொண்டு அழுத்துங்கள். தாங்காமல் அழுத்தினால் சாக்கெட் பலகையிலிருந்து பெயர்ந்துவிடும், பிறகு சாலிடரிங் வேலை.

விசைகளை இடம் மாற்றி அமைத்திருப்பவர்கள் சாதாரணக் கீபோர்டு ஒன்றையும் கணினிக்குப் பக்கத்தில் வைத்திருங்கள். அவசரத்துக்கு உங்கள் கணினியில் யாராவது தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும்.

அறிகுறி: கழற்றி மாட்டினால் திருகு மிஞ்சுகிறது

மிஞ்சும் திருகைவிட இடம் மாறிய திருகு ஆபத்தானது. போனிலும் லேப்டாப்பிலும் பக்கத்துப் பக்கத்துத் திருகுகளின் நீளம் அரை மில்லிமீட்டர் வித்தியாசப்படும். நீளமானதைக் குட்டையின் துளையில் இறுக்கினால் அது பலகைக்குள் இறங்கி உள்ளடுக்குக் கம்பியை வெட்டும். வெள்ளைத் தாளில் கருவியின் உருவத்தை வரைந்து, கழற்றும் ஒவ்வொரு திருகையும் அதே இடத்தில் டேப்பால் ஒட்டுங்கள். சார்ஜை 25 சதவீதத்துக்குக் கீழே இறக்கிவிட்டுத் திறப்பது நல்லது. திறந்ததும் கழற்ற வேண்டியது பேட்டரி இணைப்பை. பேட்டரி உப்பியிருந்தால் அழுத்தவோ நெம்பவோ கூடாது, அதோடு வேலையை நிறுத்துங்கள்.

திருகின் தலை நசுங்கிக்கொண்டே போனால், ஜப்பானியக் கருவியா என்று பாருங்கள். ஜப்பானியத் தரமான ஜேஐஎஸ் தலையும் வழக்கமான கூட்டல் குறித் தலையான பிலிப்ஸும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். பிலிப்ஸ் முனை அதில் முழுதாக உட்காராமல் வழுக்கும்.

அறிகுறி: நீங்கள் சொன்னது சரி, ஆனால் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது

யாரோ 64 ஜிபி மெமரி என்கிறார், நீங்கள் அது மெமரி இல்லை, ஸ்டோரேஜ் என்கிறீர்கள். அவர் கேட்க வந்தது போனில் இடம் இல்லை என்பதை. நியூயார்க்கில் நிரலாளர்கள் கூடிப் பழகும் ரிகர்ஸ் சென்டர் தன் சமூக விதிகளில் இரண்டை இதற்கென்றே வைத்திருக்கிறது: பேச்சுக்குத் தேவைப்படாத சின்னத் திருத்தத்தைச் செய்யாதே, "இதுகூடத் தெரியாதா" என்று வியப்புக் காட்டாதே. நடைமுறையில் ஒரே கேள்வி போதும்: இந்தத் திருத்தத்தால் அவர் அடுத்துச் செய்யப்போவது மாறுமா? மாறும் என்றால் தயங்காமல் சொல்லுங்கள், தவறான சார்ஜர் வாங்கப்போகிறவரைத் தடுப்பது உதவி. மாறாது என்றால் அவர் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். பதிலுக்குள் சரியான சொல்லைப் போட்டுப் பேசினாலே அடுத்தமுறை அவரும் அதையே சொல்வார்.

உதவும்போது கீபோர்டை வாங்கிக்கொள்ளும் பழக்கத்தையும் விடுங்கள். அவர் கையில் இருக்கட்டும், நீங்கள் வாயால் சொல்லுங்கள். மூன்று மடங்கு நேரம் ஆகும். அடுத்த முறை கூப்பிட மாட்டார்.

அறிகுறி: "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று விடிந்துவிடுகிறது

பிழை பிடிபடாமல் நள்ளிரவு தாண்டினால், ஒரே நேரத்தில் இரண்டு மாற்றம் செய்யத் தொடங்கியிருப்பீர்கள். சரியானாலும் எதனால் என்று தெரியாது, கெட்டாலும் தெரியாது. கடைசியாக ஓடிய நிலைக்குத் திரும்புங்கள். காகிதத்தில் மூன்று வரி எழுதுங்கள்: என்ன தெரிகிறது, எதையெல்லாம் இல்லை என்று உறுதி செய்தாயிற்று, அடுத்து எதைப் பார்க்க வேண்டும். மூன்றாவது வரியை எழுத முடியவில்லை என்றால் இன்றைக்கு நிறுத்த அதுவே போதிய காரணம்.

எழுத முடிந்தால் பாதி பாதியாகப் பிரியுங்கள். நூறு வரி செட்டிங்ஸ் கோப்பில் ஏதோ ஒரு வரி கெடுக்கிறது என்றால், கீழ்ப் பாதியை முடக்கிவிட்டு ஓட்டுங்கள். பழுது போய்விட்டால் அது கீழ்ப் பாதியில் இருக்கிறது, போகாவிட்டால் மேல் பாதியில். அந்த ஐம்பதை மறுபடி இரண்டாக்குங்கள். ஏழு தடவைக்குள் கெட்ட வரி தனியாக நிற்கும். ஆயிரம் வரி என்றாலும் பத்தே தடவைதான். ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவாகச் சேமிக்கும் கிட் (Git) கருவியில் வைத்திருக்கும் நிரலென்றால் பைசெக்ட் கட்டளை இதையே பழைய பதிவுகளுக்கிடையில் செய்து தரும். அதற்கு நீங்கள் கொடுக்க வேண்டியது, ஓடியது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு பதிவும் ஓடாத ஒரு பதிவும் மட்டுமே.